மாற்றுக்குழந்தை (நாட்டாரியல்)

மாற்றுக்குழந்தை அல்லது சேஞ்ச்லிங் என்பது, ஃபேரிகள் எனப்படும் மறைவுலக மாந்தர் ஒரு மனிதக் குழந்தையைக் கவர்ந்து சென்று, அதனிடத்தில் விட்டுச்செல்வதாக நம்பப்பட்ட போலிக் குழந்தையைக் குறிக்கும். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வழங்கிய நாட்டார் கதைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் கருப்பொருள்களுள் இதுவும் ஒன்றாகும். செருமனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இதை ஒத்த கதைகள் உள்ளன. குழந்தைகள் மட்டுமன்றி, இளம் பெண்களும் அண்மையில் மகப்பேறு அடைந்த தாய்மாரும் இவ்வாறு மாற்றப்படுவதாக நம்பப்பட்டது.

இக்கதைகளுட் பல வேடிக்கையாகச் சொல்லப்படுபவை. தாய் ஒரு தந்திரம் செய்கிறாள். போலிக் குழந்தை வியப்பில் வாய்திறந்து தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையான குழந்தை தொட்டிலுக்குத் திரும்புகிறது. எனினும், இதே நம்பிக்கை நோயுற்ற குழந்தைகளும் உடற்குறையுள்ள குழந்தைகளும் துன்புறுத்தப்படுவதற்கும், சில வேளைகளில் கொல்லப்படுவதற்கும் காரணமாயிற்று. 1826, 1895 ஆகிய ஆண்டுகளில் அயர்லாந்தில் நடைபெற்ற வழக்குகள் இதற்குச் சான்றாக உள்ளன. இதனால் மாற்றுக்குழந்தைக் கதைகள் நாட்டாரியலில் மட்டுமன்றி, மருத்துவ வரலாற்றிலும் சட்ட வரலாற்றிலும் ஆராயப்பட்டு வருகின்றன.

பெயர்

மாற்றுக்குழந்தை என்னும் சொல், ஆங்கிலத்தில் வழங்கும் சேஞ்ச்லிங் என்பதற்கு ஈடாக இங்கு ஆளப்படுகிறது. ஐரிய மொழியில் இது சீஃப்ரா, இயர்லிஷ் முதலிய பெயர்களால் அழைக்கப்படுகிறது. வேல்சு மொழியிலும் 'மாற்றப்பட்ட பிள்ளை' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது.

ஃபேரி என்பதைத் தமிழில் தேவதை என மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் இக்கதைகளில் வருவோர் சிறுவர் நூற்படங்களில் காணப்படும் சிறகுடைய சிற்றுருவங்கள் அல்லர். அயர்லாந்தில் இவர்கள் 'சீ' எனப்படும் மேடுகளுக்குள் வாழ்பவர்கள். உண்பவர்கள், மணம் புரிபவர்கள், இசையில் வல்லவர்கள், சினந்தால் தீங்கு செய்பவர்கள். இவர்களைப் பெயர் சொல்லி அழைத்தால் கேடு வரும் என்ற அச்சத்தால் மக்கள் இவர்களை 'நல்லவர்கள்' என்றே குறிப்பிட்டனர். வேல்சில் இவர்களுக்கு 'அழகிய குடும்பத்தார்' என்று பொருள்படும் பெயர் உண்டு.

நம்பிக்கையின் கூறுகள்

அயர்லாந்தின் நாட்டுப்புறங்களில் ராத், லிஸ் எனப்படும் வட்டமான மண்கோட்டைகள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை இடைக்காலத்தின் தொடக்கத்தில் வாழ்ந்த உழவர்களின் குடியிருப்புகள் என்பது தொல்லியலாளர் கருத்து. நாட்டார் வழக்கிலோ இவை ஃபேரிகளின் இருப்பிடங்கள் ஆகும். கவர்ந்து செல்லப்பட்டவர்கள் இவற்றின் உள்ளேதான் வைக்கப்பட்டிருப்பர் என மக்கள் கருதினர்.

ஃபேரிகள் மனிதரைக் கவர்வதற்குக் கதைகளில் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தம் குலம் நலிந்து வருவதால் நலமுள்ள மனிதக் குழந்தைகளை அவர்கள் விரும்புகின்றனர் என்பது ஒன்று. தம் குழந்தைகளுக்குப் பாலூட்ட மனிதத் தாய்மாரைக் கொண்டு செல்கின்றனர் என்பது மற்றொன்று. கவரப்பட்டவரின் இடத்தில் நோஞ்சானான ஒரு ஃபேரிக் குழந்தையோ, வயது முதிர்ந்த ஒரு ஃபேரியோ விடப்படலாம். சில கதைகளில் ஒரு மரக்கட்டையே மந்திரத்தால் கவரப்பட்டவரின் உருவம் பெறும். அது சில நாட்கள் நோயுற்றுக் கிடந்து இறந்ததுபோல் தோன்றும். உறவினரும் அதையே அடக்கம் செய்துவிடுவர். உண்மையான ஆள் மேட்டுக்குள் உயிருடன் இருப்பார்.

மாற்றுக்குழந்தைக்கு உரியனவாகக் கூறப்படும் அடையாளங்களாவன:

- ஓயாத அழுகை
- எவ்வளவு உண்டாலும் உடல் தேறாமை
- நடக்கவும் பேசவும் காலம் கடந்தும் இயலாமை
- முதியவர் போன்ற முகம், மெலிந்த கைகால்கள்
- நன்றாக இருந்த குழந்தையிடம் திடீரென ஏற்படும் மாற்றம்

திருமுழுக்குப் பெறாத குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி எனக் கருதப்பட்டது. ஃபேரிகள் இரும்புக்கு அஞ்சுவர் என்பதால் தொட்டிலின் குறுக்கே நெருப்பிடுக்கி வைக்கப்பட்டது. தந்தையின் மேலாடையைக் குழந்தையின் மேல் போர்த்துவதும் உப்பு வைப்பதும் பிற காப்புகள். அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் சிறுவர்களுக்குப் பாவாடை அணிவிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தது. ஆண் குழந்தைகளை விரும்பும் ஃபேரிகளை ஏமாற்றவே இவ்வாறு செய்யப்பட்டதாக ஒரு விளக்கம் உண்டு.

வரலாறு

இங்கிலாந்தில் இக்கருப்பொருளின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று கோகஷாலின் ரால்ஃப் என்னும் துறவி ஏறத்தாழ 1200 ஆம் ஆண்டளவில் எழுதிய வரலாற்றுக் குறிப்பில் காணப்படுகிறது. சஃபோக் பகுதியைச் சேர்ந்த டாக்வொர்த்தில் ஒரு பிரபுவின் இல்லத்தில், உருவம் புலப்படாமல் ஒரு வயதுக் குழந்தையின் குரல் மட்டும் கேட்டது. அக்குரல் தன்னை மாலெக்கின் என்று கூறிக்கொண்டது. தாய் அறுவடைக்குச் சென்றபோது தன்னை வயலோரத்தில் கிடத்தியிருந்ததாகவும், அப்போது வேறொருவர் தன்னை எடுத்துச் சென்றுவிட்டதாகவும் அது சொன்னது. ஏழாண்டுகள் கழிந்துவிட்டன, இன்னும் ஏழாண்டுகள் கழிந்தால் மனிதரிடையே திரும்பிவிடலாம் என்றும் அது கூறியதாம். வீட்டார் அதற்காக உணவு எடுத்து வைத்தனர். இக்கதையில் மாற்றுக்குழந்தை இல்லை. கவரப்பட்ட குழந்தையே தன் கதையைக் கூறுவது இதன் சிறப்பாகும்.

ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் என்னும் ஊரின் மதகுருவான ராபர்ட் கிர்க், 1690களின் தொடக்கத்தில் ஃபேரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாலூட்டுவதற்காகப் பெண்கள் கொண்டுசெல்லப்படுவதையும், அவர்களுக்குப் பதிலாக நலிந்த ஓர் உருவம் படுக்கையில் விடப்படுவதையும் அவர் மக்கள் கூறியவாறே பதிவு செய்துள்ளார். இந்நூல் 1815 இல்தான் அச்சேறியது. 1692 இல் கிர்க் இறந்தார். ஆனால் அவரும் ஃபேரிகளால் கவரப்பட்டார் என்ற கதை அவ்வூரில் நிலைபெற்றுவிட்டது. தம் குழந்தையின் திருமுழுக்கின்போது தாம் தோன்றுவதாகவும், அப்போது தம் தலைக்கு மேலாக ஒரு கத்தியை எறிந்தால் மீள்வதாகவும் உறவினருக்கு அவர் செய்தி அனுப்பினாராம். அவர் தோன்றியபோது உறவினர் திகைத்து நின்றுவிட்டதால் மீட்பு நிகழவில்லை என்பது கதை.

கதைகள்

முட்டையோட்டில் காய்ச்சுதல் (அயர்லாந்து)

தாமஸ் குரோஃப்டன் குரோக்கர் 1825 இல் வெளியிட்ட தென் அயர்லாந்துக் கதைத்தொகுப்பில் இக்கதை உள்ளது. சல்லிவன் என்னும் பெண்ணின் குழந்தை ஓர் இரவில் உருமாறி, மெலிந்து, ஓயாது அழத் தொடங்குகிறது. அண்டை வீட்டார் அதைச் சூடான இரும்பில் வாட்டும்படியும் பனியில் எறியும்படியும் அறிவுரை கூறுகின்றனர். தாய்க்கு மனம் வரவில்லை. முகத்தில் எவ்வளவு மாறுதல் இருந்தாலும் அதில் தன் பிள்ளையின் சாயல் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றுகிறது.

எலன் என்னும் மூதாட்டி அவளுக்கு ஒரு வழி சொல்கிறாள். அதன்படி அவள் அடுப்பில் பெரிய பானையை ஏற்றி நீரைக் கொதிக்க வைத்து, பன்னிரண்டு முட்டைகளை உடைத்து, உள்ளிருப்பதை எறிந்துவிட்டு, ஓடுகளை மட்டும் கொதிநீரில் இடுகிறாள். தொட்டிலில் கிடந்த உருவம் என்ன செய்கிறாய் எனக் கேட்கிறது. முட்டையோட்டிலிருந்து மது காய்ச்சுகிறேன் என்கிறாள் தாய். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக உலகில் இருந்தும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று அது வியந்து கூவுகிறது. ஐயம் தீர்ந்த தாய், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியுடன் தொட்டிலை நோக்கிப் பாய்கிறாள். கால் இடறி விழுகிறாள். கம்பி கைநழுவிப் போகிறது. அவள் எழுந்து பார்க்கும்போது அவளுடைய சொந்தக் குழந்தை தொட்டிலில் உறங்கிக்கொண்டிருக்கிறது.

இரட்டையர் (வேல்சு)

ஜோசப் ஜேக்கப்ஸ் 1892 இல் வெளியிட்ட கெல்டிய கதைத்தொகுப்பில் இக்கதையின் வேல்சு வடிவம் காணப்படுகிறது. இதில் மாற்றப்படுவோர் இரட்டைக் குழந்தைகள். அவர்கள் வளராமல் இருப்பதைக் கண்டு, இவர்கள் நம் பிள்ளைகள்தாமா என்று கணவனும் மனைவியும் ஓயாது பூசலிடுகின்றனர். இதனால் அவ்வீட்டுக்குப் 'பூசல் மனை' என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டதாம்.

லானிட்லோயிஸ் ஊரிலுள்ள அறிஞர் ஒருவரிடம் தாய் செல்கிறாள். அறுவடை ஆட்களுக்கான கூழை ஒரு முட்டையோட்டுக்குள் சமைக்கும்படி அவர் கூறுகிறார். அவ்வாறு செய்ததைக் கண்ட இரட்டையர், தாங்கள் கண்டுள்ள பழைய காலங்களைச் சுட்டி, இதுபோல் ஒன்றைப் பார்த்ததில்லை என்று தமக்குள் பேசிக்கொள்கின்றனர். தாய் இருவரையும் தூக்கிச்சென்று ஏரியில் எறிகிறாள். உடனே நீலக் காற்சட்டை அணிந்த குள்ளர்கள் தோன்றித் தம் பிள்ளைகளைக் காப்பாற்றுகின்றனர். அவளுடைய குழந்தைகள் அவளுக்குத் திரும்பக் கிடைக்கின்றனர்.

கொல்லனின் மகன் (ஸ்காட்லாந்து)

ஜே. எஃப். கேம்பல் 1860–62 இல் வெளியிட்ட மேற்கு மேட்டுநிலக் கதைகளில் ஐலா தீவைச் சேர்ந்த ஒரு கொல்லனின் கதை உள்ளது. பதினான்கு வயது வரை நலமாக இருந்த அவனுடைய மகன் திடீரெனப் படுத்த படுக்கையாகி, மெலிந்து மஞ்சளாகிறான்; ஆனால் அளவின்றி உண்கிறான். இங்கும் முட்டையோட்டுச் சோதனை நடைபெறுகிறது. நீர் நிரப்பிய ஓடுகளைப் பெருஞ்சுமைபோல் தந்தை தூக்கி வருவதைக் கண்டு நகைக்கும் உருவம், எண்ணூறு ஆண்டு வாழ்வில் இது புதிது என்கிறது. கொல்லன் பெருந்தீ மூட்டி அதை எறிய, அது கூரையைப் பிளந்துகொண்டு பறந்து செல்கிறது.

இக்கதை அத்துடன் முடியவில்லை. விவிலியம், குறுவாள், ஒரு சேவல் ஆகியவற்றுடன் கொல்லன் ஃபேரிகளின் குன்றுக்குச் செல்கிறான். கதவு மூடாதவாறு வாசலில் குறுவாளைக் குத்தி வைத்து உள்ளே நுழைகிறான். அங்கே மகன் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கிறான். சேவல் கூவவும் ஃபேரிகள் தந்தையையும் மகனையும் வெளியே தள்ளிவிடுகின்றனர். ஓராண்டும் ஒருநாளும் பேசாதிருந்த மகன், பின்னர் குன்றில் கற்ற தொழில்நுட்பத்தால் பெயர்பெற்ற வாட்கொல்லனாகிறான்.

தையற்காரரும் குழந்தையும்

ஊர் ஊராகச் சென்று வீடுகளில் தங்கித் துணி தைக்கும் தையற்காரர் இக்கதையின் நாயகர். தாய் வெளியே சென்றதும், அழுதுகொண்டிருந்த தொட்டிற் குழந்தை எழுந்து உட்கார்ந்து, அவரிடம் வளர்ந்தவர்போல் பேசி, குழலோ வயலினோ வாசிக்கிறது. தாய் திரும்பியதும் மீண்டும் அழத் தொடங்குகிறது. தையற்காரர் உண்மையை வெளிப்படுத்துகிறார். இக்கதை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பரவலாக வழங்கியது. சோபியா மோரிசன் 1911 இல் வெளியிட்ட மாண் தீவுக் கதைத்தொகுப்பிலும் இதன் ஒரு வடிவம் உண்டு.

மீட்கப்படாத மனைவி

மீட்பு தோல்வியில் முடியும் கதைகளும் உள்ளன. வால்டர் ஸ்காட் 1802 இல் வெளியிட்ட எல்லைப்புறப் பாடல்களின் தொகுப்பில், லோதியன் பகுதி உழவன் ஒருவனின் கதையைக் குறிப்பிடுகிறார். ஃபேரிகளால் கொண்டுசெல்லப்பட்ட மனைவி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தோன்றிக் குழந்தைகளுக்குத் தலைவாரிவிடுகிறாள். ஹாலோவீன் இரவில் ஃபேரிகளின் குதிரை ஊர்வலம் செல்லும்போது தன்னைப் பிடித்துக்கொண்டால் மீளலாம் என்று கணவனிடம் கூறுகிறாள். அவன் புதர்களிடையே காத்திருக்கிறான். கடிவாள மணிகளின் ஒலி நெருங்கியதும் துணிவிழந்து நின்றுவிடுகிறான். ஊர்வலம் சிரிப்பொலியுடன் மறைகிறது. அதனிடையே, தன்னை என்றென்றைக்குமாக இழந்துவிட்டாய் என்று புலம்பும் மனைவியின் குரல் அவனுக்குக் கேட்கிறது.

கதையமைப்பு

ஸ்டித் தாம்சனின் கதைக்கூற்று அடைவில் மாற்றுக்குழந்தைக்கு எஃப் 321.1 என்ற எண்ணும், ரெய்தர் கிறிஸ்தியான்சன் 1958 இல் வெளியிட்ட இடம்பெயர் பழமரபுக்கதைகளின் அடைவில் 5085 என்ற எண்ணும் தரப்பட்டுள்ளன. முட்டையோட்டுக் கதை செருமனியில் கிரிம் உடன்பிறப்புகளின் தொகுப்பிலும் (1812) இடம்பெற்றுள்ளது. எனவே இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

இக்கதைகளில் ஐயம், அறிவுரை, சோதனை, வெளியேற்றம், மீட்பு என்னும் ஐந்து கட்டங்கள் பெரும்பாலும் இதே வரிசையில் அமைகின்றன. இவற்றுள் சோதனை முதன்மையானது. கதைக்குள் சோதனை ஒருபோதும் பொய்ப்பதில்லை. போலி உருவம் தன் வாயாலேயே தன் வயதைக் கூறிவிடுவதால், அதன் பின்னர் தாயோ தந்தையோ செய்யும் கொடுஞ்செயல் கேட்போருக்குக் கொலையாகத் தோன்றுவதில்லை. நெருப்பில் எறியப்பட்டது பறந்துவிடுகிறது. நீரில் எறியப்பட்டதை அதன் உறவினர் ஏந்திக்கொள்கின்றனர். எந்தக் குழந்தையும் இறப்பதில்லை. வாழ்க்கையில் இந்த உறுதி கிடையாது. பேசவியலாத ஒரு குழந்தை எந்தச் சோதனையிலும் தன்னை யாரென்று மெய்ப்பிக்க முடியாது.

நடைமுறையில் நிகழ்ந்தவை

மாற்றுக்குழந்தை எனக் கருதப்பட்டவர்களை விரட்டுவதற்கு நெருப்பின் அருகே பிடித்தல், சூடான மண்வாரியில் இருத்துதல், ஆற்றுநீரில் முக்குதல், இரவில் வெளியே விடுதல் முதலிய முறைகள் கையாளப்பட்டன. ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலைச்சாறும் புகட்டப்பட்டது. இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருட்கள் அடங்கிய செடி இதுவாகும். இதே செடியை அளவறிந்து மருந்தாகப் பயன்படுத்தும் முறையை வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் 1785 இல் வெளியிட்டார்.

மாண் தீவுக் குழந்தை

1731 இல் வெளியான மாண் தீவு பற்றிய நூலில், ஜார்ஜ் வால்ட்ரன் தாம் நேரிற் கண்ட ஒரு குழந்தையை விவரித்துள்ளார். ஐந்து வயதைக் கடந்த அக்குழந்தையால் நிற்கவோ நடக்கவோ உடலின் மூட்டுகளை அசைக்கவோ முடியவில்லை. கைகால்கள் நீண்டும் மெலிந்தும் இருந்தன. அது பேசவும் இல்லை, அழவும் இல்லை; மிகக் குறைவாகவே உண்டது. அதன் தாய் ஏழை. கூலி வேலைக்குச் சென்று நாள் முழுதும் வெளியே இருப்பவள். அவள் இல்லாத வேளையில் அண்டை வீட்டார் சாளரம் வழியே எட்டிப் பார்த்தபோதெல்லாம் குழந்தை தனியே சிரித்துக்கொண்டிருந்தது. அழுக்காக விட்டுச் சென்றாலும், தாய் திரும்பும்போது முகம் கழுவித் தலைவாரிய நிலையில் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துணை அதற்கு இருப்பதன் அடையாளமாக ஊரார் இதனைக் கொண்டனர். மாற்றுக்குழந்தை எனக் கருதப்பட்ட ஒரு குழந்தை ஐந்தாண்டுகளுக்கு மேல் வளர்க்கப்பட்டதற்கு இது ஒரு பதிவாகும்.

1826 ஆம் ஆண்டு வழக்கு

கெர்ரி மாவட்டத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனால் நிற்கவும் நடக்கவும் பேசவும் இயலவில்லை. ஆன் ரோச் என்னும் மூதாட்டியின் சொற்படி, அவனைத் தொடர்ந்து மூன்று நாள் காலையில் ஃபிளெஸ்க் ஆற்றில் குளிப்பாட்டினர். மூன்றாம் நாள் அவன் நீரில் மூழ்கி இறந்தான். டிராலியில் நடந்த விசாரணையில், அவனைக் கொல்வதற்காக அல்ல, அவனுள் இருக்கும் ஃபேரியை வெளியேற்றிக் குணப்படுத்துவதற்காகவே அவ்வாறு செய்ததாகக் கூறப்பட்டது. கொல்லும் நோக்கம் இல்லை என்பதால் மூதாட்டி விடுவிக்கப்பட்டார்.

1884 இல் டிப்பரரி மாவட்டத்தைச் சேர்ந்த குளோன்மெல்லில், கைகால் வழங்காத மூன்று வயதுக் குழந்தையை, தாய் இல்லாத வேளையில் சூடான மண்வாரியில் வைத்ததாக இரு பெண்கள் கைது செய்யப்பட்டனர். குழந்தை கடுமையான தீக்காயம் அடைந்தது.

பிரிட்ஜெட் கிளியரி

இந்நம்பிக்கையோடு தொடர்புடைய வழக்குகளுள் மிகவும் அறியப்பட்டது 1895 இல் டிப்பரரி மாவட்டத்தின் பாலிவாட்லி என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. இறந்தவர் குழந்தை அல்லர். 26 வயதான பிரிட்ஜெட் கிளியரி. அவர் தையற்காரர், சொந்தத் தையல் இயந்திரம் வைத்திருந்தார், கோழி வளர்த்து முட்டை விற்றும் பொருளீட்டினார். கணவர் மைக்கேல் கிளியரி மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி. இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில், மண்கோட்டை அமைந்த ஒரு குன்றின் அருகே வாழ்ந்த உறவினருக்கு முட்டை கொண்டுசென்று திரும்பிய பிரிட்ஜெட், குளிரும் தலைவலியுமாகப் படுத்தார். பழங்கதைகள் சொல்வதில் பெயர்பெற்ற அவ்வுறவினர், படுக்கையில் இருப்பவர் பிரிட்ஜெட் அல்லர் என்றார். மார்ச் 13 அன்று மருத்துவர் வந்து பார்த்தார். மதகுருவும் வந்து சென்றார். மறுநாள் இரவு உறவினர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, மூலிகை கலந்த பால் வலிந்து புகட்டப்பட்டது. அடுப்பின் மேல் பிடித்து, இறைவன் பெயரால் நீ மைக்கேலின் மனைவி பிரிட்ஜெட் தானா என்று மீண்டும் மீண்டும் கேட்டனர். அவர் ஆம் என்றார்.

மார்ச் 15 இரவு மீண்டும் இதே கேள்வி எழுந்தது. மூன்று ரொட்டித் துண்டுகளை உண்டு, ஒவ்வொரு முறையும் தம் பெயரைக் கூறும்படி கணவர் வற்புறுத்தினார். மூன்றாவது முறை விடை வரத் தாமதமானதும் அவரைத் தரையில் வீழ்த்தினார். ஆடை தீப்பற்றியது, விளக்கிலிருந்த மண்ணெண்ணெயைக் கணவர் அவர் மேல் ஊற்றினார். உடல் அருகிலிருந்த நிலத்தில் ஆழமற்ற குழியில் புதைக்கப்பட்டது. அதன்பின் மைக்கேல் கிளியரி கறுப்புக் கைப்பிடியுள்ள கத்தியுடன் மண்கோட்டையில் இரவுகளைக் கழித்தார். உண்மையான மனைவி வெண்குதிரையில் வருவாள், அவளைக் கட்டிய கயிற்றை அறுத்து மீட்கலாம் என்று அவர் கூறினார். வால்டர் ஸ்காட் பதிவு செய்த உழவன் கதையின் அதே கருப்பொருள் இங்கும் காணப்படுகிறது.

மார்ச் 22 அன்று காவலர்கள் உடலைக் கண்டெடுத்தனர். உறவினரும் அயலாருமாகப் பலர் கைது செய்யப்பட்டனர். சூலை மாதம் குளோன்மெல்லில் நடந்த விசாரணையில் மைக்கேல் கிளியரிக்கு, கொலையாகாத மனித இறப்பு விளைவித்த குற்றத்துக்காக இருபது ஆண்டுக் கடுஞ்சிறை விதிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் சிறையிலிருந்து 1910 இல் விடுதலையான அவர், கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்குவது பற்றிய விவாதம் அக்காலத்தில் நடைபெற்று வந்தது. தன்னாட்சியை எதிர்த்த நாளிதழ்கள், ஐரிய மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்பதற்கு இவ்வழக்கைச் சான்றாகக் காட்டின. இது 'சூனியக்காரி எரிப்பு' எனவும் எழுதப்பட்டது. ஆனால் பிரிட்ஜெட்டைச் சூனியக்காரி என எவரும் குற்றஞ்சாட்டவில்லை. அவர் அவரல்லர் என்பதே குற்றச்சாட்டாக இருந்தது.

விளக்கங்கள்

மருத்துவ நோக்கு

சூசன் ஷூன் எபர்லி 1988 இல் வெளியிட்ட கட்டுரையில், மாற்றுக்குழந்தைகள் பற்றிய வருணனைகள் பல, பிறவிக் குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகளைப் பற்றியவை எனக் காட்டினார். ஜாய்ஸ் அண்டர்வுட் மன்ரோ 1991 இல் வெளியான கட்டுரையில், போதிய உணவிருந்தும் எடை கூடாது நலியும் குழந்தைகளின் நிலையுடன் இக்கதைகளை ஒப்பிட்டார். முதலில் இயல்பாக வளர்ந்து, இரண்டாம் வயதளவில் கற்ற சொற்களையும் இழக்கும் சில மதியிறுக்கக் குழந்தைகளின் நிலையும் 'குழந்தை மாறிவிட்டது' என்ற கூற்றோடு ஒப்பிடப்படுவதுண்டு. எனினும், கதைகளைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட நோயை உறுதிப்படுத்துவது இயலாது.

சமூக நோக்கு

குழந்தை இறப்பு மிகுந்திருந்த, மருத்துவ வசதி அரிதாக இருந்த சமூகங்களில் இந்நம்பிக்கை பெற்றோருக்கு ஒரு விடையைத் தந்தது. குறை தாயினுடையதோ பரம்பரையினுடையதோ அன்று; நலமுள்ள தம் குழந்தை வேறோரிடத்தில் வாழ்கிறது என்ற ஆறுதல் அதில் இருந்தது. அதே வேளையில், எதிரில் இருக்கும் குழந்தை நம்முடையதன்று என்று கூறியதால், அதன் மீதான கடமையிலிருந்து விலகவும் அது வழி திறந்தது.

அஞ்செலா பூர்க் 1999 இல் வெளியிட்ட பிரிட்ஜெட் கிளியரி பற்றிய நூலில், ஃபேரிக் கதைகளை ஒரு சமூகம் தன்னுள் இருந்த பூசல்களைப் பேசிய மொழியாகக் கொள்கிறார். சொந்த வருவாயும் நாகரிக உடையும் கொண்ட, குழந்தையில்லாத ஒரு பெண் மீது இருந்த மனக்கசப்பு அம்மொழியில் வெளிப்பட்டது என்பது அவர் கருத்து. அவ்வழக்கில் மருத்துவர், மதகுரு, மூலிகை வைத்தியர் ஆகிய மூவரும் ஒரே வாரத்தில் நாடப்பட்டனர். பழைய நம்பிக்கை மட்டுமே அக்குடும்பத்தாரின் உலகமாக இருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

தொகுப்பும் மறுகூறலும்

குரோக்கரின் தொகுப்பை கிரிம் உடன்பிறப்புகள் 1826 இல் செருமானிய மொழியில் வெளியிட்டனர். டபிள்யூ. பி. யேட்ஸ் 1888 இல் தாம் பதிப்பித்த ஐரிய நாட்டார் கதைத்தொகுப்பில் குரோக்கரின் முட்டையோட்டுக் கதையைச் சேர்த்துக்கொண்டார். ஜேக்கப்ஸின் நூல் சிறுவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. இவ்வாறு, ஊரில் ஒருவரையொருவர் எச்சரிக்கும் பேச்சாக வழங்கிய கதை, நகர வாசகர்கள் களிப்புக்காகப் படிக்கும் கதையாக மாறியது. சிறுவர்க்கான பிற்கால மறுகூறல்கள் சிலவற்றில் முட்டையோட்டு வேடிக்கை எஞ்ச, பழுக்கக் காய்ச்சிய கம்பியும் நெருப்பும் நீக்கப்பட்டன.

எட்வின் சிட்னி ஹார்ட்லண்ட் 1891 இல் வெளியிட்ட ஆய்வு நூலில், கதைகளையும் 1884 ஆம் ஆண்டுக் குளோன்மெல் நிகழ்வு போன்ற செய்திகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். 1935 இல் நிறுவப்பட்ட ஐரிய நாட்டாரியல் ஆணையம், 1937–39 காலப்பகுதியில் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்களைக் கொண்டு அவர்களின் பெற்றோரும் மூத்தோரும் கூறிய கதைகளை எழுதச் செய்தது. மாற்றுக்குழந்தைக் கதைகள் பலவும் அவற்றுள் அடங்கும். இத்தொகுப்பு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேணப்படுகிறது.

இலக்கியத்திலும் திரைப்படத்திலும்

வில்லியம் சேக்சுபியரின் நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தில் ஃபேரி அரசன் ஓபரானும் அரசி டைட்டானியாவும் ஓர் இந்தியச் சிறுவனுக்காகப் பிணங்குகின்றனர். அவன் இந்திய அரசன் ஒருவனிடமிருந்து திருடப்பட்டவன் என்கிறது ஒரு பாத்திரம். மகப்பேற்றில் இறந்த தன் தோழியின் மகன் என்கிறாள் டைட்டானியா. இங்கு சேஞ்ச்லிங் என்ற சொல் விட்டுச்செல்லப்பட்ட போலியை அன்றி, கொண்டுசெல்லப்பட்ட மனிதக் குழந்தையையே குறிக்கிறது.

இக்கருப்பொருளைக் கையாண்ட பிற ஆக்கங்களுள் சில:

- திருடப்பட்ட குழந்தை – யேட்ஸ் எழுதிய கவிதை (1886)
- அவுட்சைட் ஓவர் தேர் – மாரிஸ் செண்டாக்கின் சிறுவர் படநூல் (1981)
- த மூர்சைல்ட் – எலோய்ஸ் மெக்ரா எழுதிய சிறுவர் புதினம் (1996). மாற்றுக்குழந்தையின் பார்வையிலேயே கதை சொல்லப்படுகிறது
- த குட் பீப்பிள் – ஹன்னா கென்ட் எழுதிய புதினம் (2016). 1826 ஆம் ஆண்டு வழக்கை அடிப்படையாகக் கொண்டது
- த ஹோல் இன் த கிரவுண்ட் – ஐரியத் திகில் திரைப்படம் (2019)

இவற்றையும் பார்க்க

- அயர்லாந்தின் நாட்டாரியல்
- பான்சீ
- ஹாலோவீன்
- கிரிம் உடன்பிறப்புகள்